கண்மாய்க் கரையில் எடுத்த அளவு

தம்பி,

நீ வந்துபோய் ஒன்பது நாள் ஆகிறது. நீ கிளம்பிய அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் கண்ணாடியைக் காணோம்; கண்ணாடி கிடைத்தால் பேனா எழுதவில்லை; இரண்டும் அமைந்த நாளில் மனம் வரவில்லை. "போன்ல சொல்ல வேண்டியதுதான, இதுக்குப் போயி பேப்பரத் தேடிக்கிட்டு" என்று உன் அம்மா கேட்டாள். இருபத்தைந்து வருடம் செல்போன் கம்பெனி வேலை பார்த்தவன் மகனுக்குக் காகிதத்தில் எழுதுவது அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. போனில் சொன்னால் நீ "விடுங்கப்பா, அதெல்லாம் ஒரு விசயமா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். எத்தனையோ காரியங்களை அப்படி விட்டவன்தான் நான். அதனால் எழுதுகிறேன். படித்து முடித்ததும் உன்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகளிடமும் கொடு. யாரும் படிக்கலாம். ஒளித்து வைத்ததெல்லாம் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

அன்று மத்தியானம் நீ சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாய். ஒரு கையில் அப்பளம், இன்னொரு கையில் மவுஸ். திரையில் மதுரைக்கு மேற்கே உள்ள ஊர்களின் வரைபடம் பச்சையும் சிவப்புமாகக் கிடந்தது. சிக்னல் இருக்கும் இடம் பச்சை, இல்லாத இடம் சிவப்பு. "உசிலம்பட்டிக்கு அங்கிட்டு புதுசா எங்கெங்க டவர் போடணும்னு லிஸ்ட் எடுத்துக்கிட்டு இருக்கேம்ப்பா. மாசக் கடைசில இதைக் குடுத்துட்டுத்தான் பிளைட் ஏறணும்" என்றாய். அந்தக் குளிர் தேசத்தில் நீ பார்க்கப் போகும் ஆறாம் தலைமுறை வேலையைப் பற்றியும் சொன்னாய். அதில் டிலே என்பதே இருக்காதாம், இங்கே ஒருவன் கேட்டால் அங்கே பதில் கண் இமைப்பதற்குள் வந்து நிற்குமாம். உன் அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டே "அம்புட்டு வேகத்துல பேசி என்னத்தக் கிழிக்கப் போறீக" என்றாள். நாம் மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகுதான் நீ ஒரு இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாய்.

"இந்த ஒரு இடந்தாம்ப்பா ரெண்டு நாளா மண்டையக் குடையுது. எழுமலைக்குத் தெக்க, ஒரு கரட்டுக்குப் பின்னாடி சின்ன ஊரு. சாப்ட்வேர் கணக்கு செவப்புங்குது. நேர்ல போயி எடுத்த அளவு பச்சைங்குது. அப்பவே கம்ப்ளைண்ட்ட மூடியும் வச்சிருக்காங்க. டேட்டா உபயோகமும் அந்த ஊருல பெருசா ஒண்ணும் இல்ல."

"அப்ப என்ன செஞ்ச?"

"லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன். நேர்ல போனவன் அளவுக்கு மேல என்ன கணக்கு வேண்டிக் கிடக்கு? நீங்க சொல்றதுதானப்பா."

தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் மாடிக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். அன்று மோட்டாரே போடவில்லை. மாடியில் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தேன். நீ பஸ் ஏறும் வரை அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. நேரில் போன அந்த ஆள் நான்தான், தம்பி. அந்தப் பச்சையை வைத்தது நான். அது பொய் என்பது இத்தனை வருடமும் எனக்குத் தெரியும்.

உன் கூட இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், என் வேலை இதுதான். சிக்னல் கிடைக்கவில்லை என்று ஒருவர் புகார் செய்தால் அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கம்பெனி கொடுத்த டெஸ்ட் போனில் அளவு எடுக்க வேண்டும். மைனஸ் எழுபது என்றால் அருமை, மைனஸ் நூறைத் தாண்டினால் இழுவை, நூற்றுப் பத்துக்கு மேலே போனால் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கலாம். அளவை எழுதி, சிக்னல் இருந்தால் புகாரை மூடி, இல்லை என்றால் மேலே அனுப்ப வேண்டும். நம் ஆனையூரிலிருந்து பைக்கை எடுத்தால் ஒரு நாள் திருமங்கலம் பக்கம், மறுநாள் வாடிப்பட்டி பக்கம். இரண்டாம் தலைமுறை வந்தபோது எல்லா ஊரையும் சுற்றினேன். மூன்று வந்தது, அதே ஊர்களை மறுபடி சுற்றினேன். நான்கு வந்தபோது முதுகு வலித்தது. ஐந்து வந்தபோது முழங்கால் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் மீட்டிங்கில் ஒருவர் எழுந்து நின்று இனி ஆயுசுக்கும் இது போதும் என்பார். மூன்று வருடம் கழித்து அவரே எழுந்து நின்று இது போதாது என்பார். நாங்களும் இரண்டு முறையும் கை தட்டுவோம்.

போதவில்லை என்பதும் உண்மைதான். மதுரைக்குள்ளே காளவாசல் டிராஃபிக் சிக்னலில் சாயங்காலம் நின்று பார். பஸ்ஸுக்கு நிற்பவன், ஆட்டோவில் சவாரிக்குக் காத்திருப்பவன், பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்பவன், எல்லோர் கையிலும் படம் ஓடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு டவர் சுமந்த சுமையை இன்றைக்கு ஒரு பஸ் நிறுத்தம் இழுத்துவிடும் போலிருக்கிறது. உன் அம்மாவையே எடுத்துக்கொள். காலையில் சுப்ரபாதத்தில் தொடங்கி, சமையல் வீடியோவில் உப்புப் போட்டு, இராத்திரி சீரியல் வரைக்கும் அவள் போன் சூடாகவே இருக்கிறது. சாயங்காலத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டால் "என்னங்க, கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடுங்க" என்று என்னிடம் வந்து நிற்கிறாள். கேட்பவர்கள் இருக்கிற இடத்தில்தானே கம்பெனியும் கொண்டுபோய்க் கொட்டும். புதிய அலை வேகமானது, ஆனால் தூரம் போகாது, சுவரைத் தாண்டவே திணறும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். அதனால் டவர் இருக்கிற இடத்திலேயே இன்னும் நெருக்கமாக டவர்களை நட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் நாங்கள் காளவாசலுக்குத்தான் திரும்பத் திரும்பப் போனோம். அந்தக் கரட்டுக் குன்றுக்குப் பின்னால் இருக்கிற ஊர் இரண்டாம் தலைமுறையிலிருந்து இன்றுவரை அப்படியே பூஜ்யத்தில் நிற்கிறது.

அந்த நாளைச் சொல்வதற்கு முன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உன் அப்பன் எப்பேர்ப்பட்டவன் என்று உனக்குப் புரியும். நான் இருந்த கம்பெனியிலேயே இந்த வேலைக்கு உனக்கு ஆன்லைனில் இன்டர்வியூ நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டில் அப்போதெல்லாம் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. இன்டர்வியூ அன்று மட்டும் கல் மாதிரி நின்றது. "நல்ல நேரம்ப்பா" என்று நீ சொன்னாய். அம்மா பாண்டி முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டதுதான் காரணம் என்று அவள் இன்றுவரை நம்புகிறாள். முதல் நாள் நான் டவர் ஏறும் பையனிடம் சொல்லி ஆண்டெனாவை நம் தெருப் பக்கம் இரண்டு டிகிரி திருப்பச் சொல்லியிருந்தேன். "அண்ணே, அங்கிட்டு இருக்கிறவங்களுக்குக் கொறையுமேண்ணே" என்றான் அவன். "ரெண்டு நாளைக்குத்தான்டா" என்றேன். திருப்பி வைக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் பின் தெருவிலிருந்து ஒரு தையல் கடை அம்மா தினம் புகார் செய்தார். அந்தப் புகாரைப் பார்க்கப் போனதும் நான்தான். "மழை மேகமா இருக்கும்மா, சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. மகனுக்காக ஒரு டவரையே திருப்பத் தெரிந்த ஆள்தான் நான், தம்பி.

இப்போது அந்த ஊருக்கு வருகிறேன். நீ பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த வருடம். மாயாண்டி என்று ஒருவர் அந்த ஊரிலிருந்து ஐந்தாறு தடவை புகார் செய்திருந்தார். கொஞ்சம் நிலம், பத்துப் பன்னிரண்டு ஆடு, என் வயதுதான் இருக்கும். முதல் நாள் நல்ல கோடை மழை பெய்திருந்தது. தார் ரோடு கண்மாய்க் கரையோடு முடிந்துவிடும். ஊர் கரைக்கு மறுபுறம் பள்ளத்தில், கரட்டை ஒட்டி இருக்கிறது. நான் கரையில் பைக்கை நிறுத்தினேன். மாயாண்டி முன்பே அங்கே வந்து காத்திருந்தார்.

"வாங்கண்ணே, இம்புட்டுத் தூரம் வந்துட்டீக. அந்தா, வேப்ப மரத்துக்குப் பக்கத்துல தெரியுதுல்ல, அதுதேன் நம்ம வீடு. ஒரு பத்து எட்டு வையுங்க. உள்ள வந்து பாத்துட்டுப் போயிருங்க."

நான் பாதையைப் பார்த்தேன். செம்மண் சகதி கணுக்கால் வரைக்கும் இருந்தது. "இங்கயே எடுத்துக்கிறேண்ணே. எல்லாம் ஒரே ஊருதான?" என்றேன்.

"கரையில எடுக்குதுண்ணே. கரையில எடுக்காமயா உங்களுக்குப் போன் போட்டேன்? வீட்டுலதேன் எடுக்கல. அதத்தேன் நாஞ்சொல்றது."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் டெஸ்ட் போனை உயர்த்திப் பிடித்தேன். மைனஸ் எழுபத்திரண்டு. அந்தக் காலத்தில் அளவு எடுத்த இடம் தானாகப் பதியும் வசதி எங்கள் போனில் இல்லை. ஊர் பெயரையும் அளவையும் எழுதி அனுப்பினால் போதும். எழுதினேன். "சிக்னல் நன்றாக உள்ளது" என்று போட்டேன். "மேல சொல்றேண்ணே" என்று அவரிடம் சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினேன். அவர் வண்டி திரும்புவதற்காக ஒதுங்கி நின்று கும்பிட்டார்.

அன்று இன்னும் நான்கு புகார் பாக்கி இருந்தது, நேரம் இல்லை, அதனால்தான் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. உண்மையான காரணம் ஷூ. உன் மாமா மகள் கல்யாணத்துக்கென்று பிரவுன் நிறத்தில் தோல் ஷூ ஒன்று வாங்கியிருந்தேனே, அது. நாலு நாள் போட்டுப் பழக்கினால்தான் கல்யாணத்தன்று கடிக்காது என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். அதனால் வேலைக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதைச் சகதியில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதுவதற்கே கூசுகிறது. அந்த ஷூ கல்யாணத்தன்றும் கடித்தது, அதற்குப் பிறகு அதை நான் போடவும் இல்லை.

ஒரு நாள் சோம்பல் ஒரு நாளோடு போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் அப்படிப் போவதில்லை. கரடு மறைக்கிறது, அந்த ஊருக்கு அலை போகாது என்று கம்ப்யூட்டர் தன் கணக்குப்படி சரியாகத்தான் சிவப்புக் காட்டியது. நேரில் போன மனிதன் பச்சை என்றான். மனிதனை நம்பி கம்ப்யூட்டரை ஓரமாக உட்கார வைத்தார்கள். அடுத்த தலைமுறைக்குத் திட்டம் போட்டவர்கள் என் அளவைப் பார்த்துவிட்டு அந்த ஊரைத் தாண்டிப் போனார்கள். பிறகு போன்களே தாமாக அளவை அனுப்பும் காலம் வந்தது. அப்போதாவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சிக்னல் இருக்கும் இடத்திலிருந்துதானே ஒரு போன் அதை அனுப்ப முடியும்? ஊர்க்காரர்கள் கரைக்கு ஏறி வந்து பேசினார்கள். கரையிலிருந்து பச்சைப் புள்ளிகள் வந்து குவிந்தன. பள்ளத்திலிருந்து ஒரு புள்ளியும் வரவில்லை. புள்ளி வராத இடத்தில் டேட்டா கேட்க ஆளே இல்லை என்று உங்கள் கணக்கு முடிவு செய்துகொண்டது. நீயும் அதைத்தான் படித்தாய். உன் மேல் தப்பில்லை.

நீ போன பிறகு நானே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். போன வியாழக்கிழமை "எழுமலைப் பக்கம் ஒருத்தரப் பாத்துட்டு வாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். உசிலம்பட்டியில் ஒரு பஸ், எழுமலையில் ஒரு ஷேர் ஆட்டோ. கரையில் இறங்கியபோது பதினோரு மணி வெயில். கரை மேல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் ரேஷன் கடை மெஷின், பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு கடைக்கார அம்மா. ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்று ஒவ்வொருவராக விரல் வைத்துவிட்டு, பள்ளத்தில் இருக்கும் கடைக்கு இறங்கிப் போய் அரிசி வாங்கினார்கள். கீழே கடையில் மெஷினுக்குச் சிக்னல் கிடைக்காது. "இங்கன ஏதும் கூட்டமா?" என்று கேட்டேன். "இல்லய்யா, இது டவர் மேடு. எல்லாத்துக்கும் இங்கனதேன் வரணும்" என்றார் ஒருவர். அங்கே டவர் ஒன்றும் இல்லை. நான் பைக்கை நிறுத்திய அதே இடம்.

இறங்கினேன். எண்ணிக்கொண்டே போனேன். மாயாண்டி சொன்ன பத்து எட்டு, என் முழங்கால் கணக்கில் நூற்று முப்பத்தேழு வந்தது. அந்த விஷயத்தில் மட்டும் மனிதர் கொஞ்சம் புளுகியிருக்கிறார். வாசலில் அவர் மனைவி பேச்சியம்மாள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க கரையோட திரும்பிப் போன கம்பெனிக்காரருதான?"

ஒன்பது வருடத்துக்குப் பிறகும் அவருக்கு முகம் மறக்கவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

"அன்னைக்கு உங்களுக்குன்னு டீத்தண்ணி போட்டு வச்சிருந்தேன். சரி, உள்ள வாங்க. அவரு படுத்திருக்காரு."

மாயாண்டிக்கு ஒரு பக்கம் வரவில்லை. பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். பேச்சு குழறுகிறது, ஆனால் புரிகிறது. கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தார்கள். "அன்னைக்கு மேல சொல்றேன்னுட்டுப் போனேண்ணே. சொல்லல. நல்லா இருக்குன்னு எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்ணே" என்றார் அவர். "மறுநாளே மெசேச்சு வந்துச்சுல்ல, உங்க கொறை தீந்துருச்சுன்னு. கரையில ஆடு மேச்சுக்கிட்டு நிக்கையில வந்துச்சு." பாதி முகத்தால் சிரித்தார்.

சிரிக்காமல் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேச்சியம்மாள் டீ வைத்துக்கொண்டே அந்த நாளைச் சொன்னார். "காலையில பத்து மணி இருக்கும். ஊருல ஆளுக பூராம் வேலைக்குப் போயிட்டாக. டப்புன்னு விழுந்துட்டாரு. இவரப் புடிச்சுக்கிட்டு உக்காருறதா, ஆம்புலன்சுக்குச் சொல்லக் கரைக்கு ஓடுறதா? போட்டுட்டு ஓடுனேன். பேசிட்டுத் திரும்பி வாரேன், கண்ண மூடிக் கெடக்காரு. செத்துட்டாருன்னே நெனச்சேன்." கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கை கால் வந்திருக்குமா என்று பெரியாஸ்பத்திரியில் கேட்டாராம். சொல்ல முடியாது என்றார்களாம். எனக்கும் தெரியாது. ஆனால் ஒரு பெண் தன் புருஷனைத் தரையில் போட்டுவிட்டு ஓடிய அந்தத் தூரம் எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் எண்ணிக்கொண்டு வந்திருந்தேன்.

அவர்களுக்கு ஒரே மகள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அப்பாவும் மகளும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள். மகள் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். பேச்சியம்மாள் தினமும் மத்தியானத்துக்கு மேல் போனை எடுத்துக்கொண்டு கரைக்கு ஏறுவார். மெசேஜ் வந்து விழும். இறங்கி வந்து கட்டில் பக்கத்தில் வைத்துப் போடுவார். மாயாண்டி கேட்டுவிட்டுப் போனைப் பார்த்துப் பதில் பேசுவார். அதைப் பேச்சியம்மாள் மறுநாள் மேலே கொண்டுபோவார். நான் போனதற்கு முந்தின நாள் மகள் "சாப்ட்டீகளாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். நான் உட்கார்ந்திருக்கும்போது மாயாண்டி, "சாப்ட்டேந்த்தா" என்று பதில் சொன்னார். முந்தின நாள் சாப்பாட்டுக்கு. அதோடு சேர்த்து, "கம்பெனிக்கார அண்ணன் வந்திருக்காருத்தா. இன்னைக்கு வீட்டுக்குள்ளயே வந்துட்டாரு" என்றும் பேசினார். நம் மேசையில் நீ டிலேயைப் பற்றிச் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, இவளுக்கும் முட்டி வலிக்குதுங்கிறா. நீங்க ஒரு எட்டு மேல கொண்டுபோயி இத விட்டுட்டு, பதில் வந்தா வாங்கிட்டு வந்துருங்களேன்." பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வது போலச் சொன்னார்.

நான் போனேன், தம்பி. அவர் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறினேன். கரைக்கு வந்ததும் மெசேஜ் போனது. அந்தப் பெண்ணுக்கு அப்போது சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, உடனே பதில் வந்து விழுந்தது. நான் கேட்கவில்லை. அப்படியே கீழே கொண்டுவந்து கொடுத்தேன். பேச்சியம்மாள் கட்டிலில் வைத்துப் போட்டார்.

"எந்த அண்ணன்ப்பா? கரையிலயே நின்னுட்டுப் போயிட்டாருன்னு சொல்லுவீகளே, அவரா?"

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மாயாண்டி என்னைப் பார்க்கவில்லை. போனைப் பக்கத்தில் இழுத்து, மெதுவாக, "ஆமாத்தா, அவருதேன்" என்று பேசி வைத்தார். "நாளைக்குக் கொண்டுபோயி விட்டுக்கிறேன்" என்று பேச்சியம்மாள் போனை எடுத்து மாடக்குழியில் வைத்தார். அந்தப் பதில் ஒரு இரவு முழுக்க அந்த வீட்டிலேயே கிடந்திருக்கும்.

கிளம்பும் முன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் போனில் அளவு எடுத்தேன். வாசலில் எடுத்தேன். வேப்ப மரத்தடியில், ரேஷன் கடையில், அங்கன்வாடி வாசலில் எடுத்தேன். எங்கேயும் சேவை இல்லை. இப்போதெல்லாம் இடமும் நேரமும் தானாகப் பதிந்துவிடுகிறது, இனி யாரும் ஷூவைக் காப்பாற்ற முடியாது. அதை உனக்குப் போனில் அனுப்ப வேண்டுமென்றால் நான் கரைக்கு ஏறித்தான் ஆக வேண்டும். கரையில் நின்று அந்த ஊரைப் பற்றி ஒன்று அனுப்ப எனக்கு இன்னொரு தடவை மனம் வரவில்லை. ஆனையூருக்கு வந்து கடையில் பிரிண்ட் எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஐந்து தாள்.

நீ போகும் தேசத்துக்குப் புத்தி சொல்லி அனுப்ப என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: புகார் சொன்ன மனிதர் உள்ளே வா என்றால் உள்ளே போ. அவர் வீட்டுக்கும் உன் காலுக்கும் நடுவே எது கிடந்தாலும் போ. இன்னொன்று, நேரில் போனவன் அளவுக்கு மேல் கணக்கு இல்லை என்று நான் உன்னிடம் அடிக்கடி சொன்னேன் அல்லவா, அதை நம்பாதே. போனவன் எதுவரை போனான் என்று கேள். இதையும் நான் களைத்துப்போய்ச் சொல்கிறேன், பெரிய ஞானம் வந்து சொல்லவில்லை. நீ அங்கே போன பிறகு தினம் நாம் வீடியோவில் பேசுவோம். அம்மா கேட்பாள், நீ உடனே பதில் சொல்வாய். அப்போதெல்லாம் எனக்கு அந்த மாடக்குழி நினைவுக்கு வரும். அதை நீ ஒன்றும் செய்ய முடியாது.

செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள் உள்ளது. அந்தப் பழைய புகாரைத் திற. ஊரைப் பட்டியலில் சேர். காரணம் கேட்கும் இடத்தில் முந்தைய அளவு தவறு, ஊருக்குள் போகாமல் கண்மாய்க் கரையில் எடுக்கப்பட்டது என்று எழுது. எடுத்தவர் யார் என்ற இடத்தில் முன்னாள் ஊழியர் என்று மழுப்பாதே, என் பெயரை முழுதாகப் போடு. என் பெயரின் முதல் எழுத்துதான் உன் இனிஷியல், அதனால் உன் ஆபீசில் யாராவது ஒருவர் கட்டாயம் கவனிப்பார். உன் அப்பாவா என்று கேட்பார். உனக்கு அவமானமாக இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் தலையைக் குனியாமல், ஆமாம், அவர்தான் என்று சொல்.

அப்பா